ஆறாம் பக்கத்தில் பதினொன்று

எல்ம்ஸ்டாட், மினசோட்டா
செப்டம்பர் 14

ஓரின்,

நீ உன் அண்ணனின் ஸ்பூனர் ஏரிக் குடிலில்தான் இருக்கிறாய் என்பது இன்று காலை 9.40க்கு உறுதியானது. ஆதாரம், அந்த ஊர்த் தபால் நிலைய ஊழியர். பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அந்தத் தபால் நிலையத்தில் வேலை பார்ப்பதே ஒருவர்தான் என்றாலும் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நாய் உன்னோடு இருக்கிறது. என் ரிவால்வரும் உன்னோடு இருக்கிறதா என்பது இன்னும் உறுதியாகவில்லை. நம் இரும்புப் பெட்டியில் அது இல்லை என்பது மட்டும் தெரியும். அந்தப் பெட்டியின் எண் தெரிந்தவர்கள் இருவர். நான் எடுக்கவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எங்கே தவறு என்று சொல்.

ஆகஸ்ட் 31, துப்பாக்கி சுடும் மன்றத்தின் வியாழன் போட்டி. எனக்குப் புதுத் துப்பாக்கி வேண்டும், இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றவும் வியாழக்கிழமை சுடவும் ஒன்றே போதும் என்று, அன்று நம்மோடு சுட வந்திருந்த மார்லிஸிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. நீ குறுக்கே வந்தாய். "நான் வாங்கிக் குடுத்த ரிவால்வருக்கு என்ன குறைச்சல்? குறை துப்பாக்கியில இல்ல, புடிக்கிற கையிலதான்" என்றாய். பதினான்கு பேர் கேட்டார்கள். பிறகு உன் பெரிய பிஸ்டலை உறையில் போட்டுவிட்டு, என் ரிவால்வரைக் கேட்டு வாங்கி, அன்றைய ஐம்பது தோட்டாக்களையும் அதிலேயே சுட்டாய். கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தவை பதினொன்று.

வீடு திரும்பும் வழியில் நீ கேட்டது: "இந்த ஒரு வாரம் என் பேரை விட்டுடு, ஆர்டிஸ்." நான் சொன்னது: "முடியாது." முப்பத்து நான்கு வருடமாக இந்த ஊர் வாரப் பத்திரிகையில் எழுதுகிறேன். மேயரின் மனைவி குடித்துவிட்டுக் காரோடு ஏரியில் இறங்கியதைப் போட்டிருக்கிறேன். என் கணவன் பதினொன்று எடுத்ததை விட்டால், மறுநாள் காலை மேயர் என் மேஜைக்கு முன் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஆகவே செப்டம்பர் 6 இதழ், ஆறாம் பக்கம்: ஓரின் ட்வைட் – 11. மற்றவர்களுக்கு எந்த அளவு எழுத்தோ, அதே அளவு.

ஆயுதம் வைத்துக்கொள்ளும் என் உரிமம் அக்டோபர் 20 அன்று முடிகிறது. புதுப்பிக்கும் பயிற்சி முடிந்தது, விண்ணப்பம் ஷெரிஃப் அலுவலகத்தில் இருக்கிறது. அதற்குள் எந்தத் துப்பாக்கி என்று முடிவு செய்ய வேண்டும். உன் கருத்தைக் கேட்கவில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

நாயின் மூட்டுவலி மாத்திரையை விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். இந்த உறைக்குள் இருக்கிறது. தினமும் ஒன்று, வெண்ணெயில் பொதிந்து கொடு.

ஆர்டிஸ்


ஸ்பூனர் ஏரி
செப்டம்பர் 18

ஆர்டிஸ்,

தபால் நிலையத்துக்காரி பெயர் நோர்மா. நீ கூப்பிட்ட அன்றே அவளே என்னிடம் வந்து சொல்லிவிட்டாள்.

ரிவால்வர் என்னிடம்தான் இருக்கிறது. பிடிக்காதவர்களிடம் அது எதற்கு?

நீ வரிசையாக எழுதியதில் ஒரு பாதி இல்லை. பத்திரிகை வந்த பிறகு என்ன ஆயிற்று என்ற பாதி. வியாழக்கிழமை காபிக் கடைக்குள் நுழைந்தேன். ஒருத்தன்கூட என் பெயரைச் சொல்லவில்லை. "வாங்க பதினொன்னு! ஏம்ப்பா, பதினொன்னுக்கு ஒரு நாற்காலி போடு." வெள்ளிக்கிழமை தீவனக் கடையில் பத்து மூட்டை கேட்டேன். "பத்தோட நிறுத்திக்கிறீங்களா? இன்னொன்னு சேர்த்தா உங்க கணக்குக்கு வந்துடுமே" என்றான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாதிரியார் எழுந்து, "பாடல் எண் பதினொன்று" என்றார். சுவர்ப் பலகையில் முந்நூற்று நாற்பது என்று போட்டிருந்தது, ஆர்டிஸ். நான் பார்த்தேன். கடவுளின் வீட்டில் நின்றுகொண்டு அந்த மனிதர் மாற்றினார். பாடகர் குழு முதல் அடியிலேயே இருமத் தொடங்கிவிட்டது.

முப்பது வருஷம் இந்த மாவட்டத்துப் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்த்தவன் நான். ஒரு பிரேக் பிடிக்காமல் போனதில்லை. ஒன்பது வருஷமாக வியாழன் போட்டியில் நாற்பதுக்குக் கீழே இறங்கியதில்லை. இப்போது என் பெயர் ஓர் எண்.

எனக்குத் திருத்தம் வேண்டும். பதினொன்று வந்த அதே ஆறாம் பக்கத்தில், அதே அளவு எழுத்தில். அது வருகிறவரை நான் வீட்டுக்கு வருவதாக இல்லை. இங்கே கூரை ஒழுகுகிறது, வேலை கிடக்கிறது.

உன் துப்பாக்கி விஷயத்தில் நான் தலையிட மாட்டேன். ஆனால் டுவேனின் தூண்டில்-துப்பாக்கிக் கடைக்குப் போனால், முதலில் ஊதா நிறத்தில் ஒன்றை எடுத்து நீட்டுவான். அதை வாங்காதே.

ஓரின்

நாய் மாத்திரையைத் தின்கிறான். இங்கே வெண்ணெய் இல்லை. மீன் எண்ணெயில் கொடுக்கிறேன்.


எல்ம்ஸ்டாட்
செப்டம்பர் 22

ஓரின்,

டுவேன் கடையில் ஊதா நிறத் துப்பாக்கி இருக்கிறது. நேரில் பார்த்து உறுதி செய்தேன். நான் கதவைத் திறந்ததிலிருந்து அது என் கைக்கு வர நாற்பது வினாடி ஆனது.

திருத்தம் பற்றி. தவறாக வந்ததைத்தான் திருத்த முடியும். பதினொன்று என்பது மன்றச் செயலாளர் எண்ணி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த எண். நீ கேட்பது இரக்கம். அதற்கு எங்கள் பத்திரிகையில் பக்கம் ஒதுக்கவில்லை.

இனி துப்பாக்கி. டுவேன் ஒரு கையில் மீன்குஞ்சு வலையும் மறு கையில் ஊதாவுமாக நின்றான். "இது அம்மணிகளுக்குன்னே செஞ்சது, ஆர்டிஸ். பூ மாதிரி இருக்கும், எடையே தெரியாது."

"நீ சுட்டுப் பாத்திருக்கியா?"

"நானா? ஐயோ, இவ்வளவு லேசா இருந்தா கையைக் கடிச்சு எடுத்துடுமே!"

"அப்ப என் கையைக் கடிச்சா பரவால்லயா?"

இரண்டு டஜன் குஞ்சு மீன் வேண்டும் என்று யாரோ கேட்டதாகச் சொல்லிவிட்டுத் தொட்டிப் பக்கம் போனான். கடையில் வேறு யாரும் இல்லை.

பிறகு மூன்றை வாடகைக்கு எடுத்து, பின்னாலுள்ள சுடுதளத்தில் ஐம்பது ஐம்பதாகச் சுட்டேன். சட்டைப் பைக்குள் போகிற சின்னது: 27. உன்னுடையதைப் போன்ற பெரிய இரும்பு பிஸ்டல்: 45. ஆம், நாற்பத்தைந்து, டுவேன் இரண்டு முறை எண்ணினான். உள்ளதிலேயே இதமானது அதுதான். எடை இரண்டரை பவுண்டு. மூன்றாவது நடுத்தர அளவு, 9 மில்லிமீட்டர். அதைச் சுடவே முடியவில்லை. முதல் தோட்டாவை ஏற்ற மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுக்க வேண்டுமே, அதற்கு என் கட்டைவிரல் மூட்டு ஒத்துழைக்கவில்லை. "குடுங்க, நான் இழுத்துத் தரேன்" என்றான் டுவேன். நான் செய்தி சேகரிக்கப் போகும் மண் சாலைகளில் யாராவது மறித்தால், முதலில் டுவேனுக்குத் தகவல் சொல்லி அனுப்ப வேண்டியதுதான்.

ஆக, சுட நன்றாக இருப்பதைச் சுமக்க முடியாது. சுமக்க நன்றாக இருப்பதைச் சுட முடியாது. நிலவரம் இது.

ஆர்டிஸ்


ஸ்பூனர் ஏரி
செப்டம்பர் 26

ஆர்டிஸ்,

நான் தலையிடவில்லை. ஆனால் அதை இழுப்பது அப்படி இல்லை.

எல்லோரும் செய்கிற தப்பைத்தான் நீயும் செய்கிறாய். கையை நீட்டி வைத்துக்கொண்டு கட்டைவிரலாலும் ஒரு விரலாலும் கிள்ளி இழுக்கிறாய். பிஸ்டலை நெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டு வா. முனை சுடுதளத்தைப் பார்த்தே இருக்கட்டும், டுவேனைப் பார்க்க வேண்டாம். இடது உள்ளங்கை முழுவதையும் மேலே கவிழ்த்துப் பிடி. அதை அசையாமல் வைத்துக்கொண்டு, வலது கையால் பிடியை முன்னே தள்ளு. இழுக்காதே, தள்ளு. துருப்பிடித்த சக்கர நட்டை யாரும் விரலால் திருகுவதில்லை. உடம்பைக் கொடுத்துத்தான் திருகுவார்கள். அதே விஷயம்தான். பின்பக்கம் படம் போட்டிருக்கிறேன். கை மாதிரி இல்லை, தெரியும். ஐந்து விரல் இருக்கிறதா என்று மட்டும் பார்.

இரண்டரை பவுண்டு வேண்டாம். நான் ஆறடி இரண்டங்குலம், எனக்கே மாலைக்குள் இடுப்பு ஒரு பக்கம் இறங்கிவிடுகிறது.

நோர்மா உன் பத்திரிகைக்குச் சந்தாதாரர். இதை நீ எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம். தபால் பெட்டி ஒன்று வாடகைக்குக் கேட்டேன். "பதினொன்னாம் நம்பர்தான் காலியா இருக்குங்க" என்றாள். சிரிக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

ஒன்று மட்டும் பதிவு செய்துகொள். நாலு வருஷம் முன்னால், நீ எழுதிய வடிகால் வாய்க்கால் வழக்குச் செய்தியில் கோபப்பட்ட ஆள் உன் காரை மண் சாலையில் மறித்தானே, அதற்கு மறுநாள் அந்த ரிவால்வரை வாங்கினேன். கடையில் இருந்ததிலேயே சின்னதும் லேசானதும் அதுதான். உனக்குச் சுமையாக இருக்கக் கூடாதென்று பார்த்து வாங்கியது. நல்ல பொருள். ஆகஸ்ட் 31 அன்று காற்று சரியில்லை. இங்கே ஒரு பெட்டி தோட்டா வாங்கி வைத்திருக்கிறேன். ஐம்பதும் சுட்டு, எண்ணை உனக்கு எழுதி அனுப்புகிறேன். அதையும் போடு பார்ப்போம்.

ஓரின்


எல்ம்ஸ்டாட்
செப்டம்பர் 30

ஓரின்,

தள்ளினால் வருகிறது. ஆதாரம், என் கட்டைவிரல். உன் கடிதம் வந்த அன்றே நடுத்தரத்தில் பதினோரு முறை ஏற்றினேன். (எண்ணிக்கை தற்செயல். பன்னிரண்டாவதற்குள் டுவேன் சாப்பாட்டுக்குக் கடையைப் பூட்டிவிட்டான்.) ஐம்பதில் 41. உன் படத்தில் ஆறு விரல்கள் இருந்தன.

ஆகஸ்ட் 31 அன்று காற்று பற்றி: நம் மன்றத்துச் சுடுதளம் கூரைக்கு உள்ளே இருக்கிறது.

நாற்பத்தைந்தை விட்டு நாற்பத்தொன்றுக்கு இறங்க மனம் வரவில்லை. அதனால் பெரியதைச் சுமந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். பழகுவதற்கென்று வருகிற பிளாஸ்டிக் பொம்மை பிஸ்டல் ஒன்று டுவேனிடம் உண்டு. எடை சரியாக வர, அதற்குள் தூண்டில் ஈயக் குண்டுகளை அடைத்துக் கொடுத்தான். மூன்று நாள் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தேன். முதல் நாள் மளிகைக் கடையில் நேராக நடந்தும் வலது பக்கமே போய்க்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் பல் மருத்துவரிடம் போன இடத்தில் குனிந்தபோது அது விலாவில் முட்டி, நான் "ஹுக்" என்று சத்தம் போட, அவர் ஓடிவந்து ஒரு நாற்காலி போட்டார்.

மூன்றாம் நாள் கிழக்கு வட்டார ஊராட்சிக் கூட்டத்துக்குச் செய்தி சேகரிக்கப் போனேன். தொடங்கும்போது எல்லோரும் கொடியைப் பார்த்து எழுந்து, வலது கையை நெஞ்சில் வைத்து உறுதிமொழி சொல்வோமே, "தேசம்" என்ற இடத்தில் என் கால்சட்டை புறப்பட்டது. இடது கையால் பிடித்தேன். ஈயம் வலது பக்கம் இருந்தது. வலது கையை நெஞ்சிலிருந்து எடுத்தால் நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? எடுக்கவில்லை. உறுதிமொழியை முழுமையாகச் சொல்லி முடித்தேன், ஓரின், ஒரு முழங்காலைச் சுவரில் அழுத்திக்கொண்டு. தலைவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "நாட்டுப்பற்று அதிகமாயிடுச்சு போல" என்றார். கூட்டக் குறிப்பில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். அவர் யோசிப்பதாகச் சொன்னார்.

யாரோ ஒருவர் தன்னைப் பற்றிய வரியை விட்டுவிடச் சொல்லி என்னிடம் கேட்டது அப்போது நினைவுக்கு வந்தது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

சாவு வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிற அந்த உருளைக்கிழங்கு ஹாட்டிஷை மார்லிஸ் மூன்றாவது முறையாகச் செய்து, அடுப்புச் சூடு ஆறாமல் பாத்திரத்தோடு கொண்டுவந்தாள். "இந்த வீட்ல யாரும் சாகல, மார்லிஸ்" என்றேன். "இல்ல, ஓரின் எப்படி இருக்கார்னு..." என்று இழுத்தாள். வைத்துவிட்டு ஓடிவிட்டாள். நாற்பது வருடம் மழலையர் பள்ளி நடத்தியவள், என் கண்ணைப் பார்க்காமல் பேசுகிறாள். காரணம் தெரியவில்லை.

ஆர்டிஸ்


ஸ்பூனர் ஏரி
அக்டோபர் 3

ஆர்டிஸ்,

ஐம்பதும் சுட்டேன். மணல்மேட்டுக்கு முன்னால் காகிதத் தட்டு, ஏழு கஜம். பட்டது பதின்மூன்று. காற்று இல்லை, பேச்சுச் சத்தம் இல்லை, பார்க்க ஆள் இல்லை. நாய் முதல் ஐந்திலேயே லாரிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டான். சாக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

அதை விடு. இருபதைத் தாண்டும்போதே வலது கையில், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிரிகிற இடத்தில் தோல் கிழிந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் அந்தப் பிடி அதே இடத்தில் வந்து இடிக்கிறது. விசையை அழுத்துவதற்கு முன்பே கண்ணை மூடத் தொடங்கிவிட்டேன். நாற்பத்தைந்து வருஷமாகச் சுடுகிறவன், கண்ணை மூடிக்கொண்டு சுட்டேன்.

பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். இந்த இடத்தில் பிளாஸ்திரியை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. உன் கையில். வெள்ளிக்கிழமை காலையில் நீ காபி ஊற்றும்போது. ஒரு தடவை கேட்டேன். "ரோஜா முள்ளு" என்றாய்.

நம் வீட்டில் ரோஜாச் செடி கிடையாது, ஆர்டிஸ். இருபத்தாறு வருஷமாக அந்தப் புல்லை வெட்டுகிறவன் நான்.

நாலு வருஷமாகவா? இதற்கு மட்டும் நேராகப் பதில் எழுது.

ஓரின்


எல்ம்ஸ்டாட்
அக்டோபர் 6

ஓரின்,

உறுதி செய்கிறேன். நான்கு வருடம், ஐந்து வாரம். ஆதாரம் நான் ஒருத்திதான். மார்லிஸிடம்கூடச் சொன்னதில்லை.

அந்த வாய்க்கால் ஆள் காரை மறித்த நாளில் எனக்குப் பெரிய பயம் இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு, அவன் திட்டியதையெல்லாம் குறிப்பெடுத்தேன். இரண்டு மேற்கோள்கள் நன்றாக வந்தன. பயந்தது நீ. அதற்குப் பிறகு இரண்டு இரவுகள் நீ எழுந்து எழுந்து வாசல் விளக்கைப் பார்த்தாய். அந்த ரிவால்வரை நான் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து காட்டிய அன்றுதான் படுத்தவுடன் குறட்டை விட்டாய். அது கையைக் கிழிக்கிறது என்று சொன்னால், நீ மறுபடியும் விளக்கைப் பார்க்கப் போவாய். அதனால் சொல்லவில்லை. முப்பத்து நான்கு வருடத்தில் தெரிந்தும் வெளியிடாமல் வைத்திருந்த செய்தி இது ஒன்றுதான். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் ரோஜா என்று வந்துவிட்டது.

இன்னொன்றையும் எழுதாவிட்டால் பாதி உண்மைதான். அந்த நான்கு வருடமும் என் பெயருக்கு நேரே 19, 22, 17 என்று நானே அச்சில் போட்டேன். என்னை யாரும் "பத்தொன்பது" என்று கூப்பிடவில்லை. ஏனென்றால் ஊரில் யாருக்கும் அதில் ஆச்சரியம் இல்லை. ஆர்டிஸுக்குச் சுட வராது, அவ்வளவுதான். ஆகஸ்ட் 31 அன்று நீயும் அதையே பதினான்கு பேர் முன்னால் சொன்னாய். அதே ரிவால்வரில் நீ பதினொன்று எடுத்தபோது, அது விடக் கூடாத செய்தி என்று நினைத்தேன். விதிப்படிதான் போட்டேன். ஆனால் போடும்போது எனக்கு வருத்தமாக இல்லை. அதற்காக இப்போது கொஞ்சம் வருந்துகிறேன்.

நடுத்தரம்தான் என்று முடிவு செய்துவிட்டேன். விறைப்பான பட்டையான தோல் இடுப்புவாரில் கட்டினால் கால்சட்டை இருக்கிற இடத்தில் இருக்கிறது. நேற்றைய போட்டியில் டுவேனின் வாடகைத் துப்பாக்கியில் 43. எண்ணி முடித்ததும் செயலாளர், "அடடே, அப்ப இத்தனை நாளா...?" என்று தொடங்கி, பாதியில் நிறுத்தி, தன் காபியைப் பார்த்தார்.

அந்த ரிவால்வரை இனி சுடாதே. கையில் மருந்து போடு.

ஆர்டிஸ்


ஸ்பூனர் ஏரி
அக்டோபர் 9

ஆர்டிஸ்,

நான் சொன்னது தப்பு. குறை கையில் இல்லை. துப்பாக்கியிலும் இல்லை, அது செய்த மாதிரி இருக்கிறது. வாங்கியவன் ஒரு தடவைகூடச் சுட்டுப் பார்க்காமல் வாங்கினான். பேருந்துக்கு ஒரு டயர் வாங்கினால்கூட ஓட்டிப் பார்க்காமல் விட்டதில்லை. உனக்கு என்று வந்ததும் லேசாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். மன்னிப்பு கேட்கிறேன். இந்த வரியை வேறு தாளில் மூன்று தடவை எழுதிப் பார்த்துவிட்டுத்தான் இதில் எழுதுகிறேன்.

நாற்பத்து மூன்று. அதை இரண்டு தடவை படித்தேன். நோர்மாவிடமும் சொன்னேன். "யாரு, உங்க வீட்டம்மாவா?" என்றாள். "ஆமா, என் பொண்டாட்டிதான்" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. தபால்தலை வாங்க வந்த ஆள் திரும்பிப் பார்த்தான்.

இப்போது திருத்தம். நீ என்னிடம் இரண்டு உண்மை எழுதிவிட்டாய். என்னிடம் ஒன்று இருக்கிறது.

பதினொன்று தவறு.

அந்த ரிவால்வரில் ஐந்து தோட்டாதான் பிடிக்கும். ஒவ்வொரு ஐந்துக்கும் நிறுத்தி மாற்ற வேண்டும். எட்டாவது தடவையா ஒன்பதாவதா, நான் குனிந்து தோட்டா மாற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது என் தாளில், கறுப்புக்கு நட்டநடுவில், இரண்டு புது ஓட்டை இருந்தது. நான் சுடவே இல்லை, ஆர்டிஸ். என் கையில் திறந்து கிடந்த ரிவால்வர். யார் என்று பார்க்கவில்லை, பார்க்க விரும்பவும் இல்லை. செயலாளர் எண்ணும்போது வாயைத் திறக்கவில்லை. ஒன்பதைவிடப் பதினொன்று நல்ல எண்ணாகத் தெரிந்தது.

மூன்று வாரமாகத் திருத்தம் கேட்டுக்கொண்டே இருந்தேன். எப்படித் திருத்த வேண்டும் என்று எனக்குத் தெரிந்தே கேட்டேன். நீ விசாரிக்கத் தொடங்கினால் என்ன வரும் என்றும் தெரியும். அதனால்தான் காற்று, அது இது என்று எழுதினேன்.

ஒன்பது என்று போடு. அதே பக்கம், அதே எழுத்து. காபிக் கடையில் இனி என்னை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். கூப்பிடட்டும்.

அது அச்சில் வந்த மறுநாள் வருகிறேன். முதலிலேயே வந்துவிட்டால், போட வேண்டாம் என்று உன் காலில் விழுந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

ஓரின்


எல்ம்ஸ்டாட்
அக்டோபர் 13

ஓரின்,

நேற்று மாலை 6.15க்கு உறுதியானது: உன் தாளிலிருந்த பதினொன்றில் இரண்டு உன்னுடையவை அல்ல. ஆதாரங்கள் இரண்டு. ஒன்று, நான்காம் தடத்தில் உனக்குப் பக்கத்தில் நின்றவரின் இலக்குத் தாள். செயலாளர் எல்லாத் தாள்களையும் பழைய காலணிப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார். ஐம்பது சுட்டவரின் தாளில் மொத்தமே நாற்பத்தெட்டு ஓட்டைகள். ஓட்டையின் அளவு உன்னுடையதற்கும் அவருடையதற்கும் கண்ணால் பிரிக்க முடியாத வித்தியாசம், அதனால் அன்று யாருக்கும் தெரியவில்லை.

இரண்டாவது ஆதாரம் நான்காம் தடத்துக்காரர். மார்லிஸ்.

தாளை அவள் மேஜைமேல் விரித்தேன். எலுமிச்சை இனிப்பை வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டாள்.

"ரெண்டு குறையுது, மார்லிஸ்."

"ஆமா."

"தவறிப் போச்சா?"

"நான் தவறவிடுவேனா, ஆர்டிஸ்?" கோபமே வந்துவிட்டது அவளுக்கு. பிறகு குரல் இறங்கியது. "அவரு மூஞ்சியைப் பாத்தேன். என் வகுப்புல கால்சட்டையை நனைச்சுட்டு நிக்கிற பிள்ளைங்க மூஞ்சி மாதிரியே இருந்துச்சு. மனசு கேக்கல. ரெண்டு குடுத்தேன்."

"போட்டியில அப்படிக் குடுக்கக் கூடாதுன்னு தெரியாதா?"

"தெரியும். இன்னும் நாலு குடுத்திருக்கணும். செயலாளர் பாத்துட்டார்னு பயந்துட்டேன்."

உன்னைப் பதினொன்று என்று ஊர் கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் அவளுக்குத் தூக்கம் போயிருக்கிறது. தன்னால் வந்த எண் என்று நினைத்திருக்கிறாள். ஒன்பதாக இருந்திருக்கும் என்று நான் சொன்னதும், "ஒன்பதா! அப்ப நான் நல்லதுதான் செஞ்சிருக்கேன்" என்று இரண்டு இனிப்பை உனக்கென்று எடுத்து மடித்தாள்.

இதைப் போட வேண்டுமா என்று என் மேஜையில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். இந்த வேலையில் நான் யோசித்ததிலேயே நீளமான யோசனை இதுதான். நீ கேட்டிராவிட்டால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்றுதான் எழுத முடியும்.

அக்டோபர் 18 இதழ், ஆறாம் பக்கத்தில் வரப்போவது இது:

"திருத்தம். செப்டம்பர் 6 இதழில், ஆகஸ்ட் 31 வியாழன் போட்டியில் ஓரின் ட்வைட் எடுத்தது 11 என்று வெளியானது தவறு. சரியான எண் 9. தவற்றைத் தெரிவித்தவர் ஓரின் ட்வைட்."

தவற்றை யார் தெரிவித்தார் என்று திருத்தத்தில் போடும் வழக்கம் எங்களிடம் இல்லை. ஆசிரியர் அந்த வரியை அடித்தார். நான் மறுபடி எழுதினேன். அவர் மறுபடி அடித்தார். முப்பத்து நான்கு வருடத்தில் நான் ஒரு சலுகையும் கேட்டதில்லை என்று அவருக்கு நினைவுபடுத்தினேன். வரி இருக்கிறது.

இன்னும் முடிவாகாதவை. உரிமம் திங்கட்கிழமை தயாராகும் என்று ஷெரிஃப் அலுவலக எழுத்தர் சொன்னார். அதைக் காட்டியதும் நடுத்தரத்தை டுவேன் என் கையில் கொடுப்பான், 21ஆம் தேதி சனிக்கிழமை நண்பகல் வரை எடுத்து வைத்திருக்கிறான். மார்லிஸுக்கு என்ன தண்டனை என்பதை மன்றக் குழு 19ஆம் தேதி வியாழன் மாலை ஆறரைக்கு முடிவு செய்யும். குழுவில் ஐந்து பேர், ஐவருமே அவளிடம் எழுத்துப் படித்தவர்கள். அதே மாலை ஏழு மணிக்குப் போட்டி. ஐந்தாம் தடத்தில் உன் பெயரையும் ஆறாம் தடத்தில் என் பெயரையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீ வருவதற்கு இதுவரை ஒரே ஆதாரம் உன் கடிதம். வந்தால், என்ன எண் எடுத்தாலும், 25ஆம் தேதி இதழில் அப்படியே வரும்.

ஆர்டிஸ்